நின்ற பெருமாளின் இரைப்பை

நின்றுகொண்டே கனவு காணத் தெரிந்தவர் இலங்கையில் ஒரே ஒருவர்தான் இருந்தார். வட்டவளைக்கு மேலே எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் அவர் டீமேக்கர். கொழுந்து வாடுவதிலிருந்து தூள் மூட்டையாவது வரை எல்லாம் அவர் பொறுப்பு. நான் அங்கே கணக்கெழுதும் கிளாக்கர். அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டுமே தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் நின்ற பெருமாள்.

படுத்தால் அவருக்கு எதுக்களிக்கும். புளித்த நீர் தொண்டைவரை ஏறி நெஞ்சை எரித்துவிடும். அதனால் பகல் சாப்பாடு முடிந்ததும் கொழுந்து வாட்டும் மாடிக்குப் போய், சன்னலில் தோளைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். கீழே விசிறிகளின் முனகல், பாதி வாடிய கொழுந்தின் வாசனை, சன்னல் வழியே தானாக உள்ளே வரும் பனி. அதற்குள் அவர் லேசாக ஆடிக்கொண்டு நிற்பார். உதவி மேனேஜராகப் புதிதாக வந்த சின்னதுரை ஒருநாள் பத்து நிமிடம் அவரிடம் பேசிவிட்டு இறங்கி வந்து, "நல்ல மனுஷன். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை" என்று மெச்சினார்.

வீட்டில் கட்டிலின் தலைமாட்டுக்குப் பழைய தேயிலைப் பெட்டி இரண்டை முட்டுக் கொடுத்திருந்தார். "கட்டில்ல படுக்கிறாரு, விடியக்காலம் பார்த்தா வாசப்படிகிட்ட கெடக்கிறாரு. வழுக்கிக்கிட்டே போயிர்றாருங்க" என்பார் அவர் மனைவி.

ஒரு மழைக்காலத்தில் தொழிற்சாலைச் சாவிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று எனக்குக் காட்டத் தொடங்கினார். "எதுக்குங்க ஐயா?" என்று கேட்டேன்.

"நெஞ்சுதான் தம்பி. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் எரிஞ்சிச்சு, அதோட போயிட்டாரு. வீட்டுல சொல்லிறாதீங்க."

வற்புறுத்தி ஹட்டன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். இருதயச் சோதனையில் ஒன்றுமில்லை. ஆனால் எக்ஸ்ரேயில், இருதயத்துக்குப் பின்னால் குமிழி மாதிரி ஏதோ தெரிந்தது. கண்டிக்குப் போய் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். அப்போதுதான் அந்தப் பெயரையே நாங்கள் கேள்விப்பட்டோம். தொழிற்சாலை மெஷினுக்குச் சாமான் வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு ரயில் ஏறினோம்.

ஸ்கேனுக்கு முன்னால் ஒரு மருந்துத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். வயிறு படத்தில் தெளிவாக விழுவதற்காம். அவர் கோப்பையைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்த்தார். மோந்தார். பிறகு ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கிற மாதிரி 'சுர்ர்' என்று உறிஞ்சி, நாக்கில் உருட்டி விழுங்கினார்.

"கனம் இருக்கு. வாசனை போதாது. வாட்டம் சரியில்ல" என்றார் நர்ஸிடம். அந்தச் சிங்களப் பெண் தலையாட்டிவிட்டு, மிச்சத்தையும் குடிக்கச் சொன்னாள்.

உள்ளே நடந்ததை அவரே பிறகு சொன்னார். வருஷக்கணக்கில் அன்றுதான் முதல்முறையாகத் தட்டையாகப் படுத்தார். எரிச்சலுக்கு முன்னால் தூக்கம் வந்துவிட்டது. அந்த வெள்ளை வளையத்துக்குள் அவர் ஒரு கொழுந்தாகக் கிடந்தாராம். கீழேயிருந்து இளஞ்சூடாகக் காற்று வந்ததாம். மூச்சைப் பிடிக்கச் சொன்ன குரல் கேட்டது, விடச் சொன்ன குரல் கேட்கவில்லை. பயந்துபோய் ஆட்கள் ஓடிவந்து தட்டியபோது, "இன்னும் வாடலிங்க" என்றாராம்.

யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். "நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவில ஒரு தசைத்தட்டு இருக்கு. அதில இருக்கிற ஓட்டை உங்களுக்குப் பெருத்துப் போச்சு. இரைப்பையின்ர மேல்துண்டு அதுக்குள்ளால மேல ஏறியிருக்கு. எக்ஸ்ரேயில கண்ட குமிழி அதுதான்."

"அப்ப நெஞ்சு இல்லீங்களா?"

"இல்லை. அமிலம் மேல வாறது இந்தப் படத்தில தெரியாது. ஆனா ஏன் வருதெண்டு இது காட்டுது. சின்னன்தான், ஒப்பரேஷன் தேவையில்லை. குளிசை தாறன். தேத்தண்ணி எத்தினை கோப்பை குடிக்கிறனீங்கள்?"

"ருசி பார்க்கிறதுதான் சார். ஒரு முப்பது வாய் வரும்."

"அதைத் துப்பிறதுதானே வழக்கம்?"

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குத் துப்ப வராதுங்க."

"இனித் துப்பத்தான் வேணும்" என்றார் டாக்டர்.

திரும்பும் ரயில் நாவலப்பிட்டியைத் தாண்டியது. பனி பெட்டிக்குள் வரத் தொடங்கியதும் அவர் சொன்னார்:

"மழையில, அட்டை கடிக்கக் கடிக்க நின்னு எடுக்கிற கொழுந்து தம்பி. உங்கம்மாவும் எடுத்தவங்கதானே. அதை எப்படித் துப்புறது?"

சாகப்போவதில்லை என்று தெரிந்து வந்த மனிதரின் முகம் அப்படி வாடியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

குளிசை வேலை செய்தது. டாக்டர் சொன்னபடி துப்பவும் பழகிக்கொண்டார். காலையில் கோப்பைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிவார். அந்த நேரம் நாங்கள் எல்லோரும், யாரும் யாருக்கும் சொல்லாமலே, சன்னல் பக்கம் திரும்பிப் பனியைப் பார்த்துக்கொள்வோம்.