செக்போஸ்ட் எழுத வைத்த விதிகள்

யாராவது புகழ்ந்தால் போதும், வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்துவிடுகிற மடையன் நான். நாங்கள் செக்போஸ்ட் என்று கூப்பிடும் அண்ணன் இதற்கு நேர் எதிர். கொடைக்கானல் மூடுபனியைக்கூட "எங்கேருந்து வர்றே?" என்று விசாரித்துத்தான் உள்ளே விடுவார்.

ஏரிக்குப் பக்கத்து விடுதியில் அவர் வரவேற்பாளர். வரவேற்பை விட விசாரணைதான் அதிகம். ஏரிக்கு வழி கேட்ட புதுமாப்பிள்ளையிடம், "எதுக்குங்க?" என்றார். அந்த மனிதர் மனைவியைப் பார்த்து முழித்தார். மலையேறும் வண்டிகளில் பிளாஸ்டிக் பாட்டில் துழாவும் சாவடியின் பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை.

மலைப்பாதை எங்கே அடைபட்டிருக்கிறது என்று காட்டும் இலவசச் செயலி ஒன்றை செக்போஸ்ட்டும் நாங்கள் சிலரும் நடத்தினோம். அதன் கோடு, அதாவது கணினி நிரல், எல்லோருக்கும் திறந்தே இருக்கும். யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். அதைச் சேர்க்கும் அனுமதி எங்களுக்கு மட்டும்.

முகம் தெரியாத ஒருவர், "அண்ணே, உங்க கோடு தேனா இனிக்குது!" என்று ஒரு திருத்தம் அனுப்பினார். படிக்காமலே சேர்த்தேன். அதன்படி, தகவல் வராத பாதையெல்லாம் 'திறந்திருக்கிறது'! மறுநாள் பூண்டி கிராமத்திலிருந்து ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் பூண்டு ஏற்றிப் போன வேன், விழுந்து கிடந்த மரத்தின் முன் நின்றது. டிரைவர் திட்டிய திட்டில் என் போன் சூடானது.

"ஏலே, தகவல் இல்லேன்னா மூடிக் கெடக்குன்னு அர்த்தம்!" என்று பாய்ந்தார் செக்போஸ்ட்.

"நல்லவனா இருப்பான்னு நெனச்சேண்ணே."

"நல்லவன் எதுக்குலே ஒன்னையப் புகழப் போறான்?"

தண்டனையாக, திருத்தம் அனுப்புவோருக்கும் சேர்ப்போருக்குமான விதிகளை நானே எழுத வேண்டும். டீயை மோந்து பார்த்தபடி அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எதையும் இருவர் படிக்க வேண்டும். படிக்காமல் சேர்த்தவரின் அனுமதி போய்விடும். திரும்ப வர, உறுப்பினர் ஒருவர் அவருக்குப் பொறுப்பேற்பதாகச் செயலியின் இணையப் பக்கத்தில் எழுத வேண்டும். விதிகளை அதே பக்கத்தில் பெருமையாக வெளியிட்ட பிறகுதான் உறைத்தது, முதலில் வெளியே நிற்பவன் நான்தான்!

ஊரில் என்னை நாலு பேர் மதிப்பதே அந்தச் செயலியால்தான். "அண்ணே, எனக்கு யாரு பொறுப்பேத்துக்குவாங்க?" என்று செக்போஸ்ட்டுக்குச் செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. தகவல் இல்லையென்றால் மூடிக் கிடக்கிறது என்று அர்த்தம், அவர் சொன்னதுதானே. மப்ளரை இறுக்கிக்கொண்டு விடுதிக்கே போனேன்.

"இல்லேன்னாவது ஒரு வார்த்த சொல்லக்கூடாதாண்ணே?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நம்ம செயலி பக்கத்துல ஒனக்கு நான் பொறுப்புன்னு நேத்தே போட்டாச்சு, நீ எதையுமே படிக்க மாட்டியாலே?"