இரண்டு கோடு போட்டு நான் கேட்டது

கோழஞ்சேரி,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகள் ஜின்ஸிக்கு அப்பச்சன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே நானும் அம்மச்சியும் நலம். பெங்களூரில் நீயும் மாப்பிள்ளையும் நலமென்று நம்புகிறேன். நீ கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுத்த கருவி மட்டும் நலமில்லை.

வரும் ஞாயிறு நம் குடும்ப யோகத்தின் கூட்டம். அன்று தெக்கேமுறிக் குடும்பத்தின் வரலாறு புத்தகமாக வெளிவந்தாக வேண்டும், செயலாளரான என் மானம் அதில்தான் இருக்கிறது. அத்தனை பெயரையும் உன் கருவியில் ஏற்றி, அந்தக் கறுப்புத் திரையில் நீ சொன்னபடியே இரண்டிரண்டு கோடு போட்டு, எப்படி அச்சாக வேண்டும் என்று நான்கு விருப்பங்களைத் தட்டினேன். ‘தவறான விருப்பம்’ என்று சொல்லி நின்றுவிட்டது. நான்கில் எது தவறு? சொல்லாது. அட்டைப்படத்தை எடுத்துப் பார்த்தேன், தவறான விருப்பம். வருஷத்தை எடுத்தேன், அதே பதில். தேவாலயத்தின் பெயரையும் எடுத்தேன், அப்போதும் அசையவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அண்ணன் குரியாக்கோஸ், “டேய், உன் மக உன்னை மாதிரியே பண்ணி வெச்சிருக்கா. முடியாதுன்னா முடியாதுதான், காரணம் கேட்டா வாயத் தொறக்காது” என்று சிரிக்கிறார்.

பதிவு அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் மனுக்களைத் திருப்பி அனுப்பியவன் நான். எந்தக் கட்டத்தில் என்ன பிழை என்று ஓரத்தில் சிவப்பு மையால் எழுதாமல் ஒன்றையாவது அனுப்பியிருப்பேனா? அதைத்தான் உன்னிடம் போனில் கத்தினேன். “சரி அப்பச்சா, எது தப்புன்னு பேர் சொல்ற மாதிரி மாத்திடறேன், கத்தாதீங்க, பிரஷர் ஏறும்” என்று நீயும் மாற்றி அனுப்பினாய்.

இன்று தட்டினேன். வந்த பதில் இது: ‘--ஆண்வழிமட்டும் என்ற விருப்பம் இந்தக் கருவியில் இல்லை. --எல்லாப்பிள்ளைகளும் என்று சொல்ல வந்தீர்களா?’

நான் ஏன் சொல்ல வருகிறேன்? கட்டிக்கொடுத்த பெண்ணைப் புகுந்த வீட்டுப் புத்தகத்தில்தானே சேர்ப்பார்கள்? நீ கொடுத்த விருப்பப் பட்டியலில் அதைத் தேடக்கூட இல்லை, இல்லாமலா இருக்கும் என்று நான்காவதாக நானாகவே தட்டிவிட்டேன். அம்மச்சி திரையைப் படித்துவிட்டு, “நல்லாத்தானே கேக்குது, பதில் சொல்லுங்க” என்று மீன்கறியைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஆகவே நாளைக்குள் அந்த விருப்பத்தைச் சேர்த்து அனுப்பு. இது யோகத்தின் தீர்மானம், என் கையில் ஒன்றுமில்லை. மாப்பிள்ளைக்கு என் அன்பு. கர்த்தர் உங்களைக் காப்பாராக. வேளைக்குச் சாப்பிடு.

அப்பச்சன்
தெ. இட்டிச்செறியா

பி.கு.: ஒன்றும் சேர்க்காதே. இந்தக் கடிதத்தை மெயிலில் அனுப்பப் போகுமுன், போனால் போகிறதென்று அது கேட்டதையே தட்டிப் பார்த்தேன். நூற்றறுபது பக்கம் வரும் என்று கணக்குப் போட்டிருந்தோம், முந்நூறைத் தாண்டிவிட்டது. என் பெயருக்கு நேர் கீழே நீ இருக்கிறாய். எனக்கு இருப்பதே நீ ஒருத்திதான். ஆண்வழி என்று போயிருந்தால் அந்த இடத்தில் வெறும் தாள்தான் இருந்திருக்கும். இத்தனை நாள் இதை நான் யோசிக்கவே இல்லை, மோளே. பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. புத்தகத்தை அப்படியே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். அண்ணன் குரியாக்கோஸிடம் அந்தச் செய்தியைக் காட்டி, “நான் என்ன செய்ய அச்சாயா, மெஷின் ஒத்துக்க மாட்டேங்குதே” என்று கையை விரித்துவிட்டேன். ஞாயிறு முடியும்வரை உன் கருவியில் ஓர் எழுத்தையும் மாற்றிவிடாதே.