கிராம்பு மணத்த சொட்டு

விழித்துக்கொண்டே கனவு காண்பதற்கு எனக்கு யாரும் பயிற்சி தரவில்லை. பிறவித் திறமை. (பள்ளிக்கூடத்தில் இதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள்.)

புனேயில் முனைவர் பட்டத்துக்காக நான் செய்தது கரி. கொட்டாங்குச்சியைச் சுட்டு எடுத்த அந்தக் கரி வழியாக மருந்துக் கழிவுநீரை விட்டால், மருந்து கரியின் நுண்துளைகளில் ஒட்டிக்கொள்ளும். நீர் தெளிந்து இறங்கும். இதைப் பார்க்கப் போசரியிலிருந்து ஒரு மருந்து ஆலையின் மேலாளர் வருவதாக இருந்தது. அவர் சம்மதித்தால்தான் ஆலைக் கழிவுநீரில் சோதனை. சோதனை இல்லையென்றால் பட்டமும் இல்லை.

ஆய்வகத்தில் உலர்த்தும் அடுப்பு பழுது. அதனால் கழுவிய கரியைக் கோர்படியில் எங்கள் வீட்டு மாடியில் காயவைத்து, எவர்சில்வர் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்தேன். பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு டப்பா. அதில் அப்பாவின் பல்பொடி. உமிக்கரி, உப்பு, கிராம்பு. ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் பேஸ்ட்டுக்கு மாறாத மனிதர் அவர்.

அன்று காலை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்ததுமே முளா-முட்டா ஆறு கண்ணாடியாக ஓடத் தொடங்கிவிட்டது. மாத்திரையே அறியாத மீன்கள் என்னைப் பார்த்து மெல்ல வாலாட்டின. அந்த மயக்கத்திலேயே ஆய்வகம் போய், கண்ணாடிக் குழாயில் கரியை நிரப்பினேன். மூக்கு என்று ஒன்று இருப்பதே நினைவில்லை.

மேலாளர் வந்தார். மஞ்சள் நிற ஆன்டிபயாடிக் கரைசலை மேலே ஊற்றினேன். கீழே சொட்டு மெதுவாகத் திரண்டது. அது திரள்வதற்குள் நான் இரண்டு ஆறுகளைச் சுத்தம் செய்து முடித்திருந்தேன்.

விழுந்தது சாம்பல் நிறக் கலங்கல். அறை முழுக்கக் கிராம்பு மணம்.

மேலாளர் குனிந்து முகர்ந்தார். "மேடம், இஸ்மே லவங் ஹை க்யா?" (லவங் என்றால் கிராம்பு.)

வெளியே ஓடி அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"அப்பா, பல்லு தேச்சிட்டீங்களா?"

"தேச்சேன்மா. இன்னிக்குப் பொடியில உப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல. ஆனா பல்லு ஏக்தம் சக்காசக், பளபளன்னு இருக்கு!"

"மிச்சம் இருக்கா?"

"ரெண்டு சிட்டிகைதான் எடுத்தேன். ஏன்மா?"

மேலாளர் இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தபோது அப்பா டப்பாவோடு ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். இறங்கியதும் பல் தெரியச் சிரித்தார். (எனக்கு முன்பே என் கரிக்குச் செயல்விளக்கம் கொடுத்தது அந்தச் சிரிப்புதான்.) குழாயைக் கழுவி மறுபடி நிரப்பினேன். சொட்டு தெளிவாக விழுந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சோதனையும் நடந்தது, பட்டமும் வந்தது. இன்றும் நான் கருத்தரங்குக்குக் கிளம்பினால் அப்பா அந்த டப்பாவை வாசலில் நீட்டுவார்.

"மோந்து பாத்துட்டுப் போங்க, டாக்டரம்மா."

வெறும் டப்பா என்று தெரிந்தும் முகர்ந்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.