மணமகள் அறையில் விண்வெளித் தளபதி

கல்யாணத்தன்று என் மாமனார் என்னை ஓரமாக அழைத்துப் போய் ஒரு வார்த்தை சொன்னார். "மாப்பிள்ளை, எம் மககிட்ட நீங்க கோபத்தை மறைக்கலாம். சம்பளத்தைக்கூட மறைக்கலாம். ஆனா ஒண்ணே ஒண்ண மட்டும்..."

அந்த நேரம் பார்த்து பேண்டு வாத்தியக்காரர்கள் ஊத ஆரம்பித்துவிட்டார்கள். மாமனாரின் உதடு அசைந்தது. நான் பணிவாகத் தலையை ஆட்டினேன். பெரிய கடைவீதி ஜவுளிக்கடையில் வாழ்நாள் முழுக்கத் துணி கிழித்த மனிதர். என்ன சொன்னீர்கள் என்று இன்னொரு முறை கேட்டிருக்கலாம். புது மாப்பிள்ளை எதையும் இன்னொரு முறை கேட்பதில்லை. அதுதான் நான் செய்த தவறு.

ஜப்பானில் கோபே துறைமுகத்தில் கப்பல் ரிப்பேர் வேலை முடித்து நான் திருச்சி திரும்பியபோது எனக்கு நாற்பத்தெட்டு வயது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் செண்ட் பாட்டில் கொண்டு வருவார்கள், டேப் ரிக்கார்டர் கொண்டு வருவார்கள். நான் ஒரு டிவி, ஒரு வீடியோ டெக், பெட்டி பெட்டியாக வீடியோ கேசட் கொண்டு வந்தேன். எல்லாம் ஜப்பான்காரர்கள் வரைந்து ஓடவிட்ட படங்கள். அவர்கள் அதை அனிமே என்பார்கள். என் மனைவி லூர்துராணி அதைப் பொம்மைப் படம் என்பாள்.

தில்லை நகரில் எங்கள் வீட்டுக்கு ஒரு முன்னறை உண்டு. தெருவைப் பார்த்த அறை. நல்ல வெளிச்சம். நான் வந்த மறுநாளே அதில் கேசட்டுகளை அடுக்கி, 'ஜப்பான் அறை' என்று பெயரும் வைத்துவிட்டேன்.

"ஏங்க, அந்த ரூம்ல நான் தையல் கடை போடலாம்னு இருந்தேன்."

"மிஷின்தான் சமையல்கட்டுல இருக்கே?"

"சமையல்கட்டுல ரவிக்கை தச்சா சாம்பார் வாசனை வருதுன்னு சொல்றாங்க."

"சாம்பார் நல்ல வாசனைதானே ராணி!"

அவள் என்னைப் பார்த்தாள். நான் இடத்தை விடவில்லை. முன்னறை இந்திய எல்லைபோல ஆகிவிட்டது. இந்தப் பக்கம் என் கேசட்டுகள். வாசலுக்கு அந்தப் பக்கம் அவள் இஞ்ச் டேப்.

இன்னொரு விஷயம் அவளிடம் சொல்லவில்லை. ஒசாகாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பெரிய மண்டபத்தில், அனிமே ரசிகர்கள் கூட்டம் பார்த்தேன். ஆயிரக்கணக்கான பேர். அதில் பாதிப் பேர் படத்தில் வரும் ஆட்களைப் போலவே உடுத்திக்கொண்டு வந்திருந்தார்கள். எங்கள் கப்பல் யார்டில் கணக்கு எழுதும் பரம சாது, ஊதா முடி, முதுகில் இறக்கை, கையில் வாள். திங்கட்கிழமை வழக்கம்போல் கோட்டும் டையுமாக வந்து எனக்கு வணக்கம் சொன்னார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி! நான் அன்று கேமராவோடு வெளியே நின்றவன். மனிதன் தன் சொந்த முகத்தைச் சுமந்து அலுத்துப்போவதற்கு வயது ஒன்றும் தடையில்லை என்று அப்போது தோன்றியது. ஒருநாள் நானும், எனக்குப் பிடித்த படத்தின் கதாநாயகன் விண்வெளித் தளபதி மினசாகி ஆவேன் என்று தீர்மானம் எடுத்தேன். வெள்ளி உடை. தூக்கிய காலர். ஊதா அங்கி. கண் மட்டும் தெரியும் ஹெல்மெட்.

அந்தத் தீர்மானத்துக்குத் திருச்சியில் உயிர் கொடுத்தவர் பரக்கத் அலி. எங்கள் தெருமுனையில் வீடியோ கடை வைத்திருப்பவர். என் டெக்கையும் கேசட்டையும் வாரக் கடைசியில் தன் கடையில் ஓடவிட்டார். ஒரே வருஷத்தில் காலேஜ் பிள்ளைகளிலிருந்து பேங்க் ஆபீசர்வரை தளபதி மினசாகிக்கு விசிலடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். யாருக்கும் ஒரு வார்த்தை ஜப்பான் பாஷை தெரியாது. யாருக்கும் அது தேவைப்படவும் இல்லை.

"அண்ணே, மாநாடு போட்டுடுவோம்!" என்றார் அலி. "ஆடி மாசம். ஸ்ரீரங்கத்துல கல்யாண மண்டபமெல்லாம் ஈயோட்டிக்கிட்டு இருக்கு. வேஷம் போட்டு வரவங்களுக்கு டிக்கெட் இல்ல. நீங்கதான் தளபதி!"

எனக்குப் புல்லரித்தது. "உடை யார் தைப்பாங்க?"

"எங்க வீட்ல கமருன்னிசாவுக்கு ஒரு தையல்காரம்மாவத் தெரியும். எல்லாருக்கும் அவங்கதான் தைக்கிறாங்க. படமும் ஒரு அளவுச் சட்டையும் குடுத்துடுங்க. போதும்."

அளவுச் சட்டை! இதுதான் நம் ஊர் வசதி. ஜப்பானில் தையல்காரர் முன்னால் நின்று, கையைத் தூக்கி, மூச்சை இழுத்து, மானத்தை விட்டு அளவு கொடுக்க வேண்டும். இங்கே ஒரு பழைய சட்டையை அனுப்பினால் போதும். நாம் யார் என்றே தெரிய வேண்டாம். நான் புத்திசாலித்தனமாக, ஸ்கூட்டர் துடைக்கப் போட்டு வைத்திருந்த நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்தேன். காணாமல் போனால் யாரும் தேடமாட்டார்கள்.

அந்த வாரம் வீட்டில் வெள்ளி நிறத் துணி பளபளவென்று கிடந்தது.

"என்ன ராணி இது?"

"ஆகஸ்ட் பதினஞ்சு மாதா திருநாளுக்குக் கோயில்ல நாடகம். இறக்கை வெச்ச சம்மனசுகளுக்கு உடுப்பு."

"சம்மனசுக்கு வெள்ளியா? வெள்ளை இல்ல?"

"நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை.

ராத்திரி சாப்பிடும்போது, "ஏங்க, கொஞ்சம் வலது கையைத் தூக்குங்க," என்றாள்.

"எதுக்கு?"

"எறும்பு."

தூக்கினேன். அக்குளைப் பார்த்தாள். முதுகைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"எறும்பு போயிடுச்சா?"

"போயிடுச்சு. வயிறுதான் வந்திருக்கு. இந்த வாரம் இட்லி நாலோட நிறுத்திக்குங்க."

என்மீது என்ன அக்கறை என்று நெகிழ்ந்துபோனேன்.

மாநாட்டு நாள் காலையில் கைப்பையை எடுத்தேன். "லால்குடியில ஒரு நிலம் பாக்கணும் ராணி. வர சாயங்காலம் ஆயிடும்."

"போயிட்டு வாங்க. நிலம் ஓடியா போயிடப் போகுது," என்றாள்.

அலியின் கடையில் உடை மாட்டினேன். ஆண்டவரே! தோள் தோளாக நின்றது. வயிறு எங்கே போனது என்றே தெரியவில்லை. கண்ணாடியில் என் எதிரே தளபதி மினசாகி நின்றார். எனக்கே சல்யூட் அடிக்கத் தோன்றியது. அலி முதுகுப் பக்கம் எதையோ அழுத்தினார். 'க்ளிக்' என்றது.

"மாட்டுறது ஈசிண்ணே. தட்டினா மாட்டிக்கும்னு அந்தம்மா சொல்லி அனுப்பிச்சாங்க."

ஸ்ரீரங்கம் மண்டபத்து வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். மாநாடு என்றதும் அலி நோட்டீசில் 'அலைகடலெனத் திரண்டு வாரீர்' என்று அடித்துவிட்டார். திரண்டே விட்டார்கள்! வரவேற்பில் மண்டபத்து ஆள் பழக்கதோஷத்தில் எல்லோர்மீதும் பன்னீர் தெளித்து, சந்தனக் கிண்ணத்தை நீட்டினார். இரும்புக்கை அரக்கன் ஒருவன் இரும்புக்கையைக் கழற்றிவிட்டுச் சந்தனம் எடுத்துக்கொண்டான். லால்குடியிலிருந்து நர்ஸ் மயிலம்மாள், இருட்டு லோகத்து ராணி சுகினோவாக, கறுப்பு அங்கி தரையைக் கூட்ட வந்து நின்றாள். கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. மூக்குக்கண்ணாடி போட்ட ரோபோ. ஒரே வாளை மாற்றி மாற்றிப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொள்ளும் மூன்று இளவரசர்கள். ஒசாகாவில் வெளியே நின்றவன் இன்று உள்ளே நிற்கிறேன்!

பேங்க் ஆபீசர் சௌம்யநாராயணன் மூன்று கண் மந்திரவாதியாக வந்து கைகூப்பினார். "அடியேன் குரோகி. தேவரீர் தளபதிதானே? ஹெல்மெட் பிரமாதம்!"

"மூணாவது கண் கொஞ்சம் மேல இருக்கே ஸ்வாமி?"

"நாமத்தை அழிக்க மனசு வரலை. அதனாலே கண்ணைச் சித்தே மேலே ஏத்தி வச்சுண்டேன்."

"தையல் அபாரம். யார் தச்சாங்க?"

"அக்காதான்."

மயிலம்மாளைக் கேட்டேன். "அக்கா." அரக்கனைக் கேட்டேன். "அக்கா." அந்த அக்கா யாராக இருந்தாலும் அவள் கையில் மோதிரம் போட வேண்டும் என்று எல்லோர் முன்னாலும் அறிவித்தேன். பலத்த கைதட்டல்.

ரோஸ் மில்க் இலவசம். சந்தோஷத்தில் எத்தனை கிளாஸ் குடித்தேன் என்று தெரியவில்லை. உடம்புக்குத் தெரிந்திருந்தது. அணிவகுப்புக்கு மேடை ஏறச் சற்று நேரம் இருக்கும்போது அது ஞாபகப்படுத்தியது.

"அலி! பின்னாடி கழட்டுங்க. அவசரம்."

அலி தடவினார். மந்திரவாதி தடவினார். அரக்கன் இரும்புக்கையால் தடவினான். கொக்கி அகப்படவே இல்லை. எல்லாம் உள்மடிப்புக்குள் மறைந்திருந்தது. ஒருவர் கத்தரிக்கோலை எடுத்தார்.

"துணியில கை வெச்சா நடக்கிறதே வேற!" என்று அலறினேன். எத்தனை வருஷக் கனவு! வெட்டிவிட்டு வேட்டியோடு மேடை ஏறுவதா?

"அப்ப அக்காவையே கேளுங்கண்ணே. ரிப்பேர் பாக்க வந்திருக்காங்க. மணமகள் அறை."

ஓடினேன். தளபதி மினசாகி எந்தப் படத்திலும் அப்படி ஓடியதில்லை. மணமகள் அறைக் கதவைத் தள்ளினேன்.

கல்யாணப்பெண் உட்காரும் நாற்காலியில், வாயில் நூலைக் கடித்தபடி, மடியில் ஒரு இறக்கையை வைத்துக்கொண்டு லூர்துராணி உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"லால்குடி பஸ்ல கூட்டமா?"

ஹெல்மெட் முகத்தை மூடியிருந்தது. கடைசி முயற்சியாக ஜப்பான் பாஷையில், "வகாரிமசேன்," என்றேன். புரியவில்லை என்று அர்த்தம்.

"கரண்டு பில் கட்டியாச்சான்னு கேட்டா நீங்க சொல்ற வார்த்தைதானே? சரி. புரியற வரைக்கும் நில்லுங்க."

ஹெல்மெட்டைக் கழற்றினேன். "எப்படி ராணி தெரிஞ்சுது?"

"அளவுக்குன்னு ஒரு நீலக் கட்டம் போட்ட சட்டை வந்துச்சு. காலர் நைஞ்சு போயி, திருப்பி வெச்சுத் தச்சது. அதைத் திருப்பித் தச்சது யாரு?"

நீதான். கோபேக்கு நான் கிளம்பிய வருஷம்.

"எங்கப்பா உங்ககிட்ட கல்யாணத்தன்னிக்கே சொன்னாரே, எம் மககிட்ட துணியில மட்டும் எதையும் மறைச்சுடாதீங்கன்னு."

"பேண்டு சத்தத்துல கேக்கல ராணி. இப்ப அந்தக் கொக்கியை..."

"முன்னறை."

"அதை வீட்டுக்குப் போய் நிதானமா பேசலாமே!"

"பேசலாமே. எனக்கென்ன அவசரம்?" பக்கத்திலிருந்த சொம்பைத் தூக்கினாள். "ரோஸ் மில்க் குடிக்கிறீங்களா?"

"பாதி ரூம்! ஜன்னல் பக்கம் உனக்கு!"

சொம்பிலிருந்து கிளாசில் மெதுவாக ஊற்றினாள். உயரத்திலிருந்து. அந்தச் சத்தம் இருக்கிறதே!

"முழு ரூமும்! எடுத்துக்க தாயே!"

எழுந்தாள். என் இடது தோளுக்குக் கீழே ஒற்றை விரலை நுழைத்து ஒரு இழு இழுத்தாள். முதுகு முழுக்க வாழைப்பழத் தோல்போல் திறந்துகொண்டது.

நான் ஓடிப் போய்த் திரும்பி வந்ததும் அவளே மாட்டிவிட்டாள். காலரை நீவினாள். ஒரு அடி பின்னால் போய்ப் பார்த்தாள். "நல்லாத்தாங்க இருக்கீங்க," என்றாள். கோபேயில் இருந்த வருஷமெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தை நான் கேட்டதில்லை. போர் தொடங்கும் முன்பே தளபதி சரணடைந்துவிட்டது மேடைக்குத் தெரியாது. நான் ஏறினேன். விசில் மண்டபத்துக் கூரையைத் தூக்கியது. ராணி சுகினோ வாளை உயர்த்தினாள். மந்திரவாதி மூன்று கண்ணாலும் அழுதார். நானும் ஹெல்மெட்டுக்குள் கொஞ்சம்.

அப்போது அலி மைக்கைப் பிடித்தார்.

"இத்தனை பேருக்கும் உடை தச்ச லூர்துராணி அக்கா தில்லை நகர்ல கடை தொறக்கிறாங்க! விலாசம் நோட்டீஸ்ல இருக்கு! எல்லாரும் வாங்கிக்குங்க!"

நோட்டீஸ் கட்டு கட்டாகக் கூட்டத்தில் பறந்தது. ஒன்று என் காலடியில் விழுந்தது. என் வீட்டு விலாசம். 'முன்னறை' என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தது. நான் சம்மதித்து இன்னும் ரோஸ் மில்க் கிளாஸ்கூடக் காயவில்லை. நோட்டீஸ் போன வாரமே அச்சாகி வந்துவிட்டதாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், கேசட் பெட்டிகளை மாடிப்படிக்கு அடியில் மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.