அப்பனுக்கு நேர்ந்துகொண்ட ஆட்டம்

"ஒன்பது பேர் வேணும். நல்லா ஆடறவங்களா," என்றாள் லம்துவன்.

கணவாய் மீன் சுட்டுக்கொண்டிருந்த சுமாலி தன் தள்ளுவண்டி அடுப்பிலிருந்து நிமிரவில்லை. "ஆடறவங்களா? இந்த ஊர்லயா? போன வருஷம் கேட்டிருந்தா சந்துக்கு ஒன்பது பேர் கொடுத்திருப்பேன். இப்ப எவளாவது இடுப்பை வளைச்சா அபராதம். எதுக்குடி?"

"வேண்டிக்கிட்டேன்."

சுமாலியின் கை நின்றது. "யார்கிட்ட?"

லம்துவன் முகவாயால் காட்டினாள். அவளுடைய 'நல்ல மனசு' பாரின் பக்கச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கடல்முனை அப்பன் கோயில் நின்றது. ஆள் உயரக் கோயில்தான். உள்ளே அப்பன், கழுத்து மறையச் சாமந்தி மாலை. எதிரே வரிசையாகச் சிவப்புக் கலர் பாட்டில்கள், அப்பன் உறிஞ்சிக் குடிக்க வாகாக ஒவ்வொன்றிலும் ஒரு குழல்.

மற்ற ஊர்க் காவல் தெய்வங்கள் பன்றித் தலை கேட்கும், அவித்த முட்டை கேட்கும். இந்தப் பாங் லோம் ஊரின் அப்பன் ஆட்டம் கேட்பவர். நாற்பது வருஷமாகச் சுற்றிலும் பார்களோடு குடியிருந்தவர் வேறு என்ன கேட்பார்? சாமியாக இருந்தாலும் சேர்க்கை சேர்க்கைதானே. லாட்டரி விழுந்தவன், ஓடிப்போன புருஷன் திரும்பி வந்தவள், எல்லோரும் பார்ப் பெண்களைக் கூட்டிவந்து அவர் முன்னால் ஆடவிட்டு நன்றி சொல்வார்கள். அவரும் இதுவரை யாரையும் குறை சொன்னதில்லை.

"என்னன்னு வேண்டிக்கிட்ட?" என்றாள் சுமாலி.

"புல்டோசர் வந்துச்சே, அன்னிக்கு."

அந்த நாளை நினைத்தால் லம்துவனுக்கு இன்னும் வயிறு எரியும். நகராட்சிக்குத் திடீரென்று மானம் வந்துவிட்டது. பாங் லோம் இனி 'குடும்பக் கடற்கரை'யாம். துணை மேயர் வொராவித் மைக்கைப் பிடித்து அப்படித்தான் சொன்னான். பார்ப் பெண்களைப் பெட்டியும் கையுமாகப் பேருந்தில் ஏற்றினார்கள். எங்கே போவாய், என்ன சாப்பிடுவாய் என்று ஒரு நாய்கூடக் கேட்கவில்லை. நாற்பது வருஷம் அவர்கள் காசில் சோறு தின்ற ஊர், கை கழுவும்போது மூக்கையும் பொத்திக்கொண்டது.

பிறகு புல்டோசர் வந்தது. சந்தின் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டே வந்து, கடைசியில் நல்ல மனசுக்கு எதிரே கையைத் தூக்கியது. லம்துவன் அப்பன் முன்னால் விழுந்தாள். "என் கடையைக் காப்பாத்து, ஒன்பது பேரை ஆடவிடறேன்!" என்று கத்தினாள். சொல்லி வாய் மூடவில்லை, எங்கிருந்தோ வொராவித் ஓடிவந்தான்.

"நிறுத்துடா! அந்தக் கோயில்ல ஒரு செங்கல் உதிர்ந்தாலும் உன்னைத் தொலைச்சுடுவேன்!"

பார்ச் சுவரைத் தொட்டால் கோயில் சரியும். அதனால் பாரும் பிழைத்தது. அப்பனே அவன் நாக்கில் ஏறி உட்கார்ந்து பேசினார் என்பதில் லம்துவனுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வொராவித் போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். "ஊர்ல மிச்சம் இருக்கறது உன் பார் ஒண்ணுதான். இங்க எவளாவது ஆடினான்னு தெரிஞ்சுது, பூட்டுதான்."

"நல்லா மாட்டிக்கிட்ட. ஆடினா கடை போச்சு. ஆடலைன்னா அப்பன் விடமாட்டாரு," என்றாள் சுமாலி.

"அதான்டி தூக்கம் வரல."

"பொம்மை வாங்கி வெச்சுடு. ஊர் உலகத்துல எல்லாரும் அதானே பண்றாங்க?"

லம்துவன் சந்தைக்குப் போய் மரத்தில் செய்த ஆட்டப் பொம்மைகள் ஒன்பது வாங்கிவந்து அப்பன் முன்னால் நிறுத்தினாள். மறுநாளே பாரின் குளிர்பெட்டி செத்தது. அதற்கு மறுநாள் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே கழன்று, வாராவாரம் வருகிற ஒரே வாடிக்கையாளரின் பீரில் விழுந்தது. அவர் காசு கொடுக்காமல் போனதோடு, இனி வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் செங் பூசாரி பிறை வடிவ மரக்கட்டைகளை உருட்டிக் குறி பார்த்தார். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உயிருள்ளதைச் சொல்லிட்டு மரத்தைக் கொடுத்தா? கறி விருந்துன்னு கூப்பிட்டுட்டுப் பூசணிக்காயைப் போட்டா நீ சும்மா இருப்பியா?"

"துணியை முழுக்கப் போத்திக்கிட்டு ஆடினா ஒத்துக்குவாரா? பள்ளிக்கூடத்துல ஆடுவாங்களே, விரலை மடக்கி மடக்கி?"

பூசாரி மறுபடி உருட்டினார். "யோசிக்கறாரு," என்றார்.

யோசிக்கிறார் என்றால் பாதிச் சம்மதம். லம்துவன் பள்ளிக்கூட நடன வாத்தியாரைப் போய்ப் பிடித்தாள். அவர் பயந்த மனிதர். ஒன்பது பிள்ளைகளை அனுப்புவதற்கு முன்னால் நகராட்சியில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டார். கேட்டது போதாதா? மாலையில் நல்ல மனசின் வாசலில் வொராவித்தின் வெள்ளைக் கார் வந்து நின்றது. ஓட்டுநர் புன்மி கதவைத் திறக்க, வொராவித் பல் தெரியச் சிரித்துக்கொண்டே இறங்கினான். அவன் சிரித்து அவள் அதுவரை பார்த்ததில்லை.

"லம்துவன் அக்கா! பண்பாட்டு நடனம் வெக்கறீங்களாமே? நீங்களே திருந்திட்டீங்க!"

"நான் எப்ப ஐயா கோணலா இருந்தேன்?"

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. "இதைச் சும்மா விடக்கூடாது. வர்ற ஞாயித்துக்கிழமை குடும்பக் கடற்கரை திறப்பு விழா. ஆளுநர் வர்றாரு, டிவிக்காரங்க வர்றாங்க. மேடை இங்கதான், அப்பன் எதிர்லயே. உங்க நடனம்தான் முதல்ல. நல்லபடியா நடந்துட்டா உங்களுக்குக் குடும்ப உணவகம்னு நிரந்தர உரிமம் என் கையால தர்றேன்."

பேசி முடித்ததும் அப்பன் முன்னால் போய் நின்று வெகுநேரம் கும்பிட்டான். ஊரை இடித்தவனுக்குப் பக்தி ஒரு கேடா என்று லம்துவன் மனசுக்குள் கறுவினாள். ஆனாலும் நிரந்தர உரிமம் என்ற சொல் அவள் காதில் தேன் மாதிரி இறங்கியிருந்தது. முப்பது வருஷம் நின்ற காலுக்குக் கடைசியில் ஒரு நிழல் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

தேன் வெள்ளிக்கிழமை வரைதான் இனித்தது. அன்று நடன வாத்தியார் ஒரு பெரிய மூட்டையோடு வந்து தலையைச் சொறிந்தார்.

"பெத்தவங்க ஒத்துக்கலைங்க. பார் வாசல்ல எங்க பொண்ணு ஆடறதான்னு சண்டைக்கு வர்றாங்க. உடுப்பை வேணா வெச்சுக்குங்க. பிள்ளைங்களைத் தரமுடியாது."

"உடுப்பு ஆடுமா வாத்தியாரே?"

அவர் மூட்டையை வைத்துவிட்டு நழுவினார்.

"வேற வழியே இல்லடி," என்றாள் லம்துவன். "நாமளே ஆடிடுவோம்."

சுமாலிக்குக் கணவாய் புரையேறியது. "நாமளா? எனக்கு மூணு பேரப் பிள்ளைங்க!"

"பேரப் பிள்ளைங்களா ஆடப்போகுது? நீ ஒரு காலத்துல மேசை மேல ஏறினா கப்பல்ல இருந்து ஆளுங்க நீந்தி வருவாங்க."

"அப்ப மேசை தாங்கிச்சு."

சொன்னாளே தவிர, ஆள் பிடிக்க அவள்தான் அலைந்தாள். அந்தக் காலத்தில் ஆடி, வயதானதும் இந்த ஊரிலேயே தங்கிப்போனவர்கள் ஆங்காங்கே இருந்தார்கள். துணி வெளுக்கும் வன்னா வந்தாள். கால் பிடித்துவிடும் நாலு பேர், மீன் காயப்போடுகிறவள், பப்பாளி சாலட் இடிக்கிறவள் என்று ஒவ்வொருத்தியாகச் சேர்ந்தார்கள். ஒன்பதாவது ஆளாக லம்துவனே நின்றாள். கூட்டத்தில் இளையவளுக்கு நாற்பத்தெட்டு வயது.

மூட்டையைப் பிரித்ததும் அடுத்த இடி. எல்லாம் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் அளவு.

"இது எனக்குக் கைக்கே பத்தாதே!" என்றாள் வன்னா.

"ஊசி குத்து. மூச்சு மட்டும் விடாத," என்றாள் சுமாலி.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இடித்த சந்தில் பளபளவென்று கல் பாவியிருந்தார்கள். ஐஸ்கிரீமும் பலூனுமாக எங்கெங்கிருந்தோ குடும்பங்கள் வந்து உட்கார்ந்திருந்தன. மேடைக்குப் பின்னால் ஒன்பது பெண்களும் தலையில் தங்கநிறக் கிரீடமும் உடம்பெல்லாம் ஊசியுமாக, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். ஒலிபெருக்கிக்காரனிடம் மெதுவான மங்கல இசை தயாராக இருந்தது. நான்கு தரம் விரலை மடக்கி, நான்கு தரம் காலைத் தூக்கி, ஒரு கும்பிடு போட்டால் கடை நிலைத்துவிடும்.

வொராவித் மைக்கைப் பிடித்தான்.

"பெரியோர்களே! இதே இடத்தில் ஒரு காலத்தில் வெறும் குப்பை கிடந்தது. ஊர் பேரைக் கெடுத்த குப்பை. அதைக் கூட்டிப் பெருக்கிக் கொட்டிவிட்டோம்!"

ஜனம் கைதட்டியது.

"நம்மளையா சொல்றான்?" என்றாள் வன்னா.

"இல்ல, என் கணவாயைச் சொல்றான்," என்றாள் சுமாலி. ஆனால் அவள் குரலும் இறங்கிப்போயிருந்தது.

லம்துவனுக்கு முகம் சிவந்தது. "இவங்கப்பன் இந்தச் சந்துல ஆறு பாருக்கு வாடகை வாங்கினவன். ஒரு நாள் பிந்தினா வாசல்ல நின்னு தொண்டை கிழியக் கத்துவான். இவன் போட்டிருக்கற கோட்டு, படிச்ச படிப்பு, எல்லாம் நாம மேசை மேல ஏறி ஆடின காசு. நாம குப்பையா?"

"விடுடி. ஆடிட்டு உரிமத்தை வாங்கிட்டுப் போவோம்."

"அந்த உரிமத்தை அவனே மடிச்சு வெச்சுக்கட்டும். நான் அப்பனுக்குச் சொன்னது விரல் மடக்கற ஆட்டம் இல்ல." ஒலிபெருக்கிக்காரன் பக்கம் திரும்பினாள். "தம்பி, பழைய பாட்டு இருக்கா? நல்ல மனசுல போடுவோமே, அது."

"இருக்குக்கா. ஆனா..."

"போடுடா!"

பாட்டு இடித்தது. ஒன்பது பேரும் மேடைக்கு வந்தார்கள். முதல் நான்கு அடி விரல் மடக்கியே போனது. ஐந்தாவது அடியில் சுமாலியின் இடுப்புக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. ஊசிகள் தெறித்தன. வன்னாவின் ஜரிகைச் சட்டை முதுகோடு பிளந்தது. அவள் அதைக் கழற்றி வீசிவிட்டு, உள்ளே போட்டிருந்த பனியனோடு ஆடினாள். ஒரு கிரீடம் உருண்டுபோய் ஆளுநரின் காலடியில் நின்றது. லம்துவன் அப்பனைப் பார்த்து, அப்பனை மட்டும் பார்த்து, முட்டி வலிக்க வலிக்க ஆடினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அது கோபத்தில் வந்த தண்ணீர், அவள் துடைக்கவில்லை.

குழந்தைகள்தான் முதலில் எழுந்து கூடவே குதித்தன. பிறகு தாய்மார்கள் சிரித்துக்கொண்டே கைதட்டினார்கள். ஆளுநர் முகத்தைக் கல் மாதிரி வைத்திருந்தார், ஆனால் அவர் செருப்பு தாளம் போட்டது. அந்தப் பக்கம் செங் பூசாரி கட்டைகளை உருட்டிவிட்டுக் கூவினார். "ஏத்துக்கிட்டாரு! அப்பன் முழுசா ஏத்துக்கிட்டாரு!"

வொராவித் மட்டும் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் மத்தியானம் அவனே ஆட்களோடு வந்து பாரைப் பூட்டினான். நாற்காலிகளைத் தெருவில் எறிந்தார்கள். பெயர்ப்பலகையைப் பிடுங்கினார்கள். "ஊர்ல கடைசிப் பாரும் முடிஞ்சுது. நீங்க ஒன்பது பேரும் ஊரை விட்டுக் கிளம்பற வழியைப் பாருங்க," என்றான். போகும்போது அப்பன் முன்னால் நின்று மறுபடி அதே கும்பிடு.

அவன் கார் மறைந்ததும் லம்துவன் கோயிலுக்கு எதிரே இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"யோவ் அப்பா! நான் சொன்ன சொல்லைக் காப்பாத்தினேன். நீ காப்பாத்தினியா? மூணு பாட்டுக்கு ஆடினேன், முட்டி வீங்கிக் கிடக்கு. வாங்கறதை வாங்கிட்டு, கடையையும் புடுங்கிக் கொடுத்துட்டியே! நீயும் அந்த நகராட்சில சேர்ந்துட்டியா? இனிமே உனக்குச் சிவப்புக் கலர் கிடையாது. பச்சைத் தண்ணி குடி!"

பாட்டில்களை எல்லாம் உண்மையாகவே எடுத்துக்கொண்டு போய்ச் சுமாலியின் வண்டியில் வைத்தாள். ஒருவரும் தடுக்கவில்லை. சுமாலி ஒன்றைத் திறந்து குடித்தாள்.

ஒரு வாரம் போயிற்று. சொந்த ஊருக்குத் திரும்பிப்போக லம்துவன் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது வெள்ளைக் கார் வந்து நின்றது. உள்ளே வொராவித் இல்லை. புன்மி மட்டும் இறங்கி, தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நெளிந்தான்.

"இன்னும் எதைப் பூட்டணும்?" என்றாள் லம்துவன்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. ஐயா கன்னம் வீங்கிப் படுத்திருக்காரு. வாயே திறக்க முடியல. கார் தினமும் நடுரோட்டுல நின்னுடுது. வீட்டுல மின்விசிறி கழண்டு சோத்துல விழுந்துச்சு."

சுமாலியும் லம்துவனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"ஆட்டக்காரிங்க வேணும்க்கா. முப்பது பேர். சுத்துப்பட்டு ஊரெல்லாம் தேடிட்டேன், ஒருத்தி கூட அகப்படல. உங்களால மட்டும்தான் முடியும். எவ்வளவு கேட்டாலும் கொடுக்கச் சொல்றாரு, கடையைத் திறந்து விடவும் சொல்றாரு."

"உங்க ஐயாவுக்கா? ஆட்டக்காரிங்களா?" லம்துவன் மூட்டையைக் கீழே வைத்தாள். "அப்படி என்னத்தைடா வேண்டிக்கிட்டாரு?"

புன்மி அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"இந்த ஊர்ல ஆட்டம்கறதே இல்லாம ஒழிச்சுக் கொடுத்தா, அப்பன் முன்னாடி முப்பது பேரை ஆடவிடறேன்னுக்கா."