மேஜருக்குத் தெரிந்த இங்கிலீஷ்

"பௌர்ணமிக்குள்ள சத்தம் அடங்கணுமாம். இல்லன்னா வேற வூடு பாத்துக்கணுமாம்" என்றாள் சந்திரகலா, இடுப்புக் குடத்தை இறக்கியபடி. "காலைல, சாயந்தரம் நம்ம பின்கட்டுல ஒரே கத்தலாம். வூட்டுக்காரம்மாவே குழாயடில சொன்னாங்க."

ராமதாஸ் மேஜரைப் பார்த்தார். மேஜர் வாலை ஆட்டியது. ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடிந்த நாட்டு நாய். அடி அண்ணாமலையில் குட்டியாகத் தூக்கி வந்ததிலிருந்து அவர் கட்டிலுக்கு அடியில்தான் படுக்கை. கோயிலுக்கு இத்தனை பக்கத்தில் இந்த வாடகைக்கு இன்னொரு வீடு கிடைக்காது. மேஜரைப் போல இன்னொரு நாயும் கிடைக்காது.

"ட்ரெய்னிங் பத்தல" என்றார்.

அவர் லாட்ஜ் மேனேஜர். லாட்ஜில் தங்கிய வெள்ளைக்காரர் ஒருவர், நாயைச் சின்னச் சின்ன இங்கிலீஷ் சொற்களால்தான் பழக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்தே காலையும் மாலையும் பின்கட்டில் பாடம் நடந்துகொண்டுதான் இருந்தது. மறுநாளிலிருந்து ராமதாஸ் இன்னும் முழுமூச்சாக இறங்கினார்.

"கம்! மேஜர், கம்! கம்!"

மேஜர் கற்றுக்கொண்டது. ராமதாஸுக்குத் தொண்டை கட்டி, லாட்ஜில் சைகை காட்டிச் சாவி கொடுத்தார்.

சமையற்கட்டில் மேஜர் முறத்தை உருட்டியபோது சந்திரகலா அதட்டினாள். "கம்முனு கெட!"

மேஜர் பாய்ந்து வந்து அவள் புடவையில் இரண்டு கால்களையும் வைத்தது.

"கம்முன்னா வான்னு அர்த்தம்டி!"

"எங்க ஊர்ல வாய மூடுன்னு அர்த்தம். இது பொறந்தது அடி அண்ணாமலையா, லண்டனா?"

வரச் சொன்னால் மட்டும் போதாது, போகவும் சொல்லித்தர வேண்டும் என்று ராமதாஸ் முடிவு செய்தார். "கோ! மேஜர், கோ!"

அதையும் மேஜர் கற்றுக்கொண்டது. அங்கேதான் வினை. திருவண்ணாமலையில் கோயில், கோபுரம் என்று சொல்லாமல் யார் பேசுகிறார்கள்? வழி கேட்கும் ஒவ்வொரு யாத்ரீகரும் மேஜரை வீட்டைவிட்டு விரட்டினார். கோலமாவு விற்கிறவள் வந்தால் தெருக்கோடிக்கே ஓடியது. ஒவ்வொரு தடவையும் ராமதாஸ் வாசலில் நின்று, தெருக்கோடிக்குக் கேட்கும்படி, "கம்! கம்!" என்று கூவ வேண்டியிருந்தது.

"பேசாம தமிழ்லயே கூப்புடுங்களேன்."

"இப்பப் போய் மாத்தினா அதுக்குக் குழப்பமாயிடும்."

பௌர்ணமியன்று வீட்டுக்காரர் கோதண்டராமன் மனைவி தங்கம்மாளோடு வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி.

"வாங்க, கோதண்டராமன் சார்!"

மேஜர் கொல்லைப்புறமாக ஓடிப்போனது. 'நல்ல வேளை' என்று ராமதாஸ் மூச்சு விட்டார்.

"இன்னாப்பா, நாங்க சொன்னது..."

"சார், அது வந்து..."

"பெரியவங்க பேசறப்ப நீங்க கம்முனு இருங்க" என்றாள் சந்திரகலா.

மேஜர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் முன்னங்கால்கள் இரண்டும் வெள்ளை வேட்டியில் பதிந்தன.

"ஐயோ, கோதண்டராமன் சார்!"

மேஜர் ஓடியது.

"ஐயய்யோ, கம்முனு இருங்கன்னேனே!"

மேஜர் வந்தது. இந்த முறை திண்ணையில் உட்கார்ந்திருந்த தங்கம்மாளின் மடியில்.

ராமதாஸ் தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதான் சார். இதுக்கு மேல நான் இன்னா பண்றதுன்னே தெரியல. நாளைக்கே மச்சான் வூட்ல கொண்டுபோய் வுட்டுடறேன்."

"எத?"

"மேஜரத்தான்."

வீட்டுக்காரர் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். தங்கம்மாள் மேஜரின் மடிந்த காதை நீவிக்கொடுத்தபடி சொன்னாள்:

"இத ஏம்பா அனுப்பற? இது ஒருநாளாவது வாயத் தொறந்திருக்குதா? நாங்க அடங்கச் சொன்னது உன்னத்தான்!"