அடுத்த வீட்டு நெட்டும் என் மனசாட்சியும்

புத்தூர்,
செவ்வாய்க்கிழமை.

சித்தூர் கோர்ட்டு வக்கீல், மைத்துனன் சிரஞ்சீவி ஆதிகேசவனுக்கு மாமா வேங்கடாசலம் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே உன் அக்கா காஞ்சனாவுக்கு முழங்கால் வலி தேவலை. எனக்குத்தான் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனை அணைத்து, பீரோவில் உன் அக்கா புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அதை வைத்துத்தான் திருடியிருக்கிறேன்.

ஏழெட்டு மாதமாக நான் வீட்டுக்குள் நுழைந்ததும் என் போன் தானாகவே நெட்டைப் பிடித்துக்கொள்ளும். எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்டதில்லை. காற்று வந்தால் யாரையாவது கேட்கிறோமா? ரிட்டயரான மனுஷன், பழைய படம், சீரியல், சமையல் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போன சனிக்கிழமை அடுத்த வீட்டு சுரேஷ்பாபு முகம் சிவக்க வந்து நின்றான். அவன் மகள் நளினி டீச்சர் வேலைப் பரீட்சைக்குப் படிக்கிறாள். கம்ப்யூட்டரில் மாதிரித் தேர்வு எழுதும்போது தொண்ணூறாவது கேள்வியில் நெட் நின்று, அத்தனையும் போய்விட்டதாம். "என் நெட்டுக்குப் பாஸ்வேர்டு கெடையாதுண்ணே. எவனோ உள்ள பூந்து துன்னுக்கினு கீறான். முப்பது வருசம் கார்வேட்டிநகரம் பஸ்ல கண்டக்டரா இருந்தவரு நீங்க. டிக்கெட் இல்லாதவன் மூஞ்சியப் பாத்தே சொல்லிருவீங்களே, கண்டுபுடிச்சுக் குடுங்க" என்றான். அப்போது என் கையில் இருந்த போனில் ஒரு பெண் கத்திரிக்காயை வதக்கிக்கொண்டிருந்தாள், ஆதிகேசவா. நான் அதைச் சட்டைப்பைக்குள் போட்டேன், அது உள்ளேயிருந்தும் பேசுகிறது.

உடனே ஒப்புக்கொண்டிருக்கலாம். "பாக்கறேன்ப்பா" என்று சொல்லிவிட்டு, செக்கிங் போவது போலத் தெருவில் இறங்கினேன். தையல்கடை முனிரத்தினம் தைத்துக்கொண்டே கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். "யார் நெட்டுடா?" என்றால், "தெரிலண்ணே, இந்தப் பக்கம் உக்காந்தா நல்லா வருது" என்று எங்கள் வீட்டுச் சுவர்ப் பக்கமே கை நீட்டினான். மாடி வீட்டு சந்திரம்மாவோ, "தொறந்து வெச்சிருந்தா அல்லாருக்கும்னுதானே அர்த்தம்?" என்று என்னையே கேட்டாள். மாடியிலிருந்து இறங்கி வந்தால், வாசலில் நளினி. "எட்டு மாசமா படிச்சிக்கினு கீறேன் பெரியப்பா" என்று சொன்னவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நேராக சுரேஷ்பாபுவிடம் போய், "திருடன் நான்தான்ப்பா" என்று சொல்லிவிட்டேன். "நீங்களா அண்ணே?" என்றான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பிறகு முனிரத்தினம், சந்திரம்மா இருவரிடமும் பரீட்சை முடியும்வரை நெட்டைத் தொடுவதில்லை என்று சத்தியம் வாங்கினேன்.

இப்போது நீ சொல்ல வேண்டியது: இது திருட்டா இல்லையா? பூட்டாத நெட் என்றால் தண்டனை குறையுமா? தெரியாமல் பார்த்ததற்கும், தெரிந்தபிறகு அந்தக் கத்திரிக்காய் சமையலை முடிவுவரை பார்த்ததற்கும் தனித்தனி செக்‌ஷனா? என் பென்ஷனில் கை வைப்பார்களா?

உனக்கும் சுமித்ராவுக்கும் குழந்தைகளுக்கும் ஏழுமலையான் ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்ளட்டும். உன் கட்சிக்காரர்கள் எல்லாரும் என்னைவிட யோக்கியர்களாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
மாமா வேங்கடாசலம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் நெட் கம்பெனி லைன்மேன் வந்தான். கம்பத்தில் ஏறிப் பார்த்துவிட்டு, சுரேஷ்பாபு வீட்டு லைன் கால்வாய் தோண்டும்போதே அறுந்து எட்டு மாதம் ஆகிறது என்கிறான். தெரு மொத்தமும், சுரேஷ்பாபு உள்பட, பார்த்தது எங்கள் வீட்டு நெட்டாம்! என் மகள் பிரீத்தி ஹைதராபாத்திலிருந்து வந்தபோது பணம் கட்டி, பரண்மேல் நெட் பெட்டி வைத்துப் போயிருக்கிறாள். "வீண் செலவுன்னு நீங்க கத்துவீங்கன்னு சொல்லல" என்கிறாள் உன் அக்கா. நளினிக்கு ஞாயிற்றுக்கிழமை பரீட்சை, அதுவரை பாஸ்வேர்டு வேண்டாம் என்று லைன்மேனை அனுப்பிவிட்டேன். சுரேஷ்பாபுவிடம் இன்னும் சொல்லவில்லை. அவன் தினமும் காலையில் என் வாசலில் நின்று, "உங்கள மன்னிச்சிட்டேண்ணே" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் போகிறான். அதற்கு ஏதாவது செக்‌ஷன் இருக்கிறதா?